உளியராயரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்

ஏப்ரல் 7, ஞாயிறு

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவர்கூட நம்ப மாட்டார் என்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் உள்ள அத்தனை டீக்கடைகளின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நம்புகிறவர் யாராவது இருந்தால் தயவுசெய்து ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கவும்.

இன்று முதல் நான் கரடி.

காலையில் தாரிணி ஃபோன் செய்தாள். என் தங்கை மகள். கோவையில் கம்ப்யூட்டர் வேலை.

“மாமா, அடுத்த நாலு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா இருப்பீங்களா?”

“சும்மாவா? ஜப்பான்ல இருந்து ஒரு கோடீஸ்வரன் டீ ருசி பார்க்க என்னைக் கெஞ்சிக்கிட்டிருக்கான். ‘மிஸ்டர் குணசீலன் வாயில வைக்காத டீயை எங்க ராஜா குடிக்க மாட்டார்’ங்கறான்.”

“அவனைத் தள்ளி வைங்க.”

“வெச்சுட்டேன்.”

விஷயம் இதுதான். தாரிணியும் மூன்று நண்பர்களும் ஞாயிறுதோறும் ஃபோனில் முகம் பார்த்துக்கொண்டு ஒரு கற்பனை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வில்லாளி, ஒருவன் திருடன். கதையை நடத்திச் செல்பவள் தாரிணி. யார் எதைச் செய்ய முயன்றாலும் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். இப்போது கதை ஒரு மலைக்கு வந்திருக்கிறது. அந்த மலையில் ஒரு கரடி மனிதர் இருக்கிறார்.

“மனுசனாவும் இருப்பாரு, கரடியாவும் மாறுவாரு மாமா. நல்லவருதான். ஆனா யாரோடயும் சேர மாட்டாரு, தனியாவே இருப்பாரு. ஆளைக் கண்டா உறுமி விரட்டுவாரு. அந்த வேசம் போட ஒரு ஆள் வேணும்.”

“அதுக்கு ஏன் என்னைத் தேடினே?”

“உங்களை விட்டா யாரு மாமா இருக்கா?”

இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கரடி மனிதர்களின் பல் பட்டால் பட்டவரும் கரடியாகிவிடுவாராம். அந்தப் பயத்திலேயே ஊர்ப்பக்கம் வராமல் ஒதுங்கி வாழ்கிறார்களாம். என் பற்களில் நான்கு கட்டியவை. அவற்றால் கரடி தொற்றுமா என்று புத்தகத்தில் இல்லை.

நாலு ஞாயிறு. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.

ஏப்ரல் 10, புதன்

கூரியரில் பகடை வந்தது. இருபது முகம், நெல்லிக்காய் அளவு. நூறு முறை உருட்டிப் பழகினேன். நூறு முறையும் இருபதே விழுந்தது. பகடை செய்தவர்கள் கண்ணீர் மல்க மன்னிப்புக் கடிதம் எழுதக்கூடும்.

கம்பளி துவைத்தேன். காயவில்லை. மூன்று நாளாக மூடுபனி.

கூரியர் பையன் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். அதற்கு முன் இந்த வீட்டுக்குள் வந்தவர் காஸ் சிலிண்டர் போடுகிறவர். பொங்கலுக்கு முன்பு.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். உளியராயர் பிறந்த நாள்.

கரடிக்கு உளியம் என்றொரு பழைய பெயர் உண்டு. அதோடு ராயரைச் சேர்த்தேன். முப்பத்தாறு மலைகளுக்கு அதிபதி, உறுமினால் மூன்று தாலுகாவில் பால் திரியும், வயது நானூற்றுப் பன்னிரண்டு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபோன் முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்று பேரும் ஒவ்வொரு சதுரத்தில் தெரிந்தார்கள். வில்லாளி இம்ரான், கண்ணாடி போட்ட பிள்ளை. மந்திரக்காரி பெனிட்டா. திருடன் சபரி, வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கிறான்.

“ராயரே, மலையைத் தாண்ட எங்களுக்கு வழி விடணும்” என்றான் இம்ரான்.

“வழியா? போன வருசம் வழி கேட்டு வந்த ஏழு வீரர்களைத் தின்னு, அவங்க கேடயத்துல கை துடைச்சேன்!”

சபரி மெல்வதை நிறுத்தினான். வெற்றி. அந்த வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரடிக் குலத்துக்குச் சட்டம் இயற்றத் தொடங்கிவிட்டேன். “முதல் சட்டம்: எங்க குகையில விருந்தாளி ஒரு பொழுதுக்கு மேல தங்கக் கூடாது. ரெண்டாவது: கரடியானவன் தானா யாரையும் ‘வா’ன்னு கூப்பிடக் கூடாது. மூணாவது: எல்லை தாண்டி ஒருத்தன் பின்னாடியும் போகக் கூடாது.”

“மாமா, யோசிச்சு சொல்லுங்க” என்றாள் தாரிணி. “எங்க ஆட்டத்துல சொன்னா சொன்னதுதான். வாயை விட்டு வந்தா அது கதையில நடந்த மாதிரி. அப்புறம் மாத்த முடியாது.”

“உளியராயன் வாக்கு மாறினா சூரியன் மேட்டுப்பாளையத்துல உதிக்கும்!”

உறுமுவதற்குப் பகடை உருட்டச் சொன்னாள். உருட்டினேன். “இருபது!” என்றேன். பயமுறுத்த இன்னொரு முறை. “இருபது!” மரத்தைப் பிடுங்க. “இருபது!”

“மாமா, உங்க வீட்டுப் பகடையில வேற நம்பரே இல்லீங்களா?” என்றான் சபரி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் காட்டச் சொல்லவில்லை. அது அவர்கள் வழக்கம். அவரவர் வீட்டில் உருட்டி அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டியது. ‘காட்டு’ என்று கேட்பது மரியாதைக் குறைவு. என்ன ஒரு பெருந்தன்மையான சமூகம். (நிஜத்தில் என்ன விழுந்தது என்று எழுத முடியாது. பகடை ஒவ்வொரு முறையும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.)

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

வருஷப் பிறப்பாயிற்றே என்று பாயசம் வைத்திருந்தேன். ஐந்து பேர் அளவு. ஃபோனில் பாயசம் ஊற்ற முடியாது என்பது முந்திரி வறுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஏப்ரல் 15, திங்கள்

பாயசம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பாயசம். லேசான புளிப்பு. கரடிகளுக்குப் புளிப்பு ஆகும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றைக்காக ஒரு வாரம் தயாரித்தேன். முன்னூறு வருடத்துக்கு முன் நான் நிலாவோடு மல்யுத்தம் செய்த கதை, வில்லாளிக்கு ஒரு ரகசிய அம்பு, மந்திரக்காரிக்கு ஒரு புதிர். உறுமல் மட்டும் ஐந்து வகை. கண்ணாடி முன் நின்று பழகியதில் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் குடித்துச் சரி செய்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் பெனிட்டா பேசினாள். நல்ல பெண். முகத்தில் அவ்வளவு அக்கறை.

“ராயரே, நாங்க வாரம் பூரா இதைப் பத்தித்தான் பேசினோம். நீங்க தனியா இருக்கணும்னு ஆசைப்படறீங்க. அது உங்க சட்டம். அதை நாங்க மதிக்கிறோம். இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம். மலையைச் சுத்தி ஆத்தோரமாப் போயிக்கிறோம்.”

“ஒரு பானைத் தேன் எல்லையில வெச்சுட்டுப் போறோம்” என்றான் இம்ரான்.

“எறும்பு வராம மூடி வெச்சிருக்கோம்” என்றான் சபரி.

நான் வாயைத் திறந்தேன். உறுமல் எதுவும் ஞாபகம் வரவில்லை.

“மாமா, ஏதாவது சொல்றீங்களா?” என்றாள் தாரிணி.

“கரடி அவங்களை எல்லை வரைக்கும் வழியனுப்பலாமில்ல?”

“எல்லையிலதான் மாமா நிக்கிறாங்க.”

“அப்ப கொஞ்ச தூரம் பின்னாடியே…”

“மூணாவது சட்டம் மாமா.”

அவர்கள் ஆற்றோரமாகப் போனார்கள். வழியில் ஒரு பாலம் உடைந்தது, ஒரு பூதம் வந்தது, சபரி பூதத்தின் செருப்பைத் திருடினான். பிரமாதமான ஆட்டம். நான் ஒரு மணி நாற்பது நிமிடம் கம்பளிக்குள் இருந்தபடி பார்த்தேன்.

நடுவில் தாரிணி, “போரடிச்சா நீங்க வெச்சுடுங்க மாமா, உங்களுக்கு வேலை இருக்கும்” என்றாள்.

“வேலையா? தலைக்கு மேல” என்றேன். வைக்கவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

சமையலறைக் கதவை மாற்ற வேண்டும்.

காலை ஆறரைக்கு ஒரு கரடி வந்தது. இந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. எண்ணெய்க்கு வரும், கோயில் விளக்கைக்கூட நக்கிவிட்டுப் போகும். நான் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். அது பின்கதவின் கீழ்ப் பலகையைப் பிய்த்து உள்ளே வந்து, எண்ணெய் டின்னைச் சாய்த்து, நிதானமாக நக்கியது. தகரத்தில் நாக்கு உரசும் சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு அரிசி. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. போய்விட்டதா, கதவுக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

ஃபோன் அடுப்பு மேடையில் இருந்தது.

ஒன்பதே காலுக்கு, பக்கத்துத் தேயிலைக்காட்டுக்காரர் போஜன் கதவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“அண்ணா! ஒரு குரல் கொடுத்திருந்தா அப்பவே வந்திருப்பேனே!”

“நான் குரல் கொடுத்தா மலை சரியும் போஜா. ஊர் நன்மைக்காக அடக்கிக்கிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் பிடித்தபடியே இருந்ததில் விரல்கள் மடங்கி நின்றுவிட்டிருந்தன. அவரே ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

சாயங்காலம் கதவின் கீழ்ப்பகுதிக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார். எண்ணெய் வாங்க வேண்டும். அரிசியும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆட்டம் தொடங்குவதற்கு முன் சொன்னேன்.

“வியாழக்கிழமை எங்க வீட்டுக்குக் கரடி வந்துச்சு. நான் குளியலறைக்குள்ள மூணு மணி நேரம் பூட்டிக்கிட்டு இருந்தேன். அது வெளியில இருந்துச்சு.”

சபரி கை தட்டினான்.

“செம மாமா! கரடியே கரடியைக் கண்டு பயந்துச்சா!”

“மாமா நடிப்புல பின்றாரு” என்றான் இம்ரான். “அந்தக் குரலைப் பாரு, நெசமாவே நடுங்குற மாதிரி!”

“எங்க மாமாவை நீங்க சின்ன வயசுல பார்க்கணும்” என்றாள் தாரிணி பெருமையாக. “எனக்கு ஆறு வயசு இருக்கறப்ப, கொடநாட்டுல ஒரு சிறுத்தைக்கு டியூசன் எடுத்தேன்னு சொன்னாரு. நான் ஸ்கூல்ல போய்ச் சொல்லி அடி வாங்கினேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிறுத்தை கணக்கில் மட்டும் கொஞ்சம் வீக் என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

முடியும்போது தாரிணி சொன்னாள்: “மாமா, அடுத்த வாரத்தோட கரடி பாகம் முடியுது. அதுக்கு அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்ல. சனிக்கிழமை நாங்க நாலு பேரும் சபரி வேன்ல ஊட்டி வர்றோம். குன்னூர் வழியா ஏறி, பன்னெண்டாம் தேதி கோத்தகிரி வழியா இறங்கறோம்.”

“ஓகோ.”

“பயப்படாதீங்க, உங்க வீட்டுப் பக்கம் வந்து தொந்தரவு பண்ண மாட்டோம். கூட்டம்னாலே உங்களுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

ஆமாம். தீபாவளிக்குக் கோவைக்கு வரச் சொல்லித் தங்கை கூப்பிட்டபோது நான்தான் அப்படிச் சொன்னேன். இன்னொரு முறை கூப்பிடுவாள் என்று நினைத்துச் சொன்னது.

“நல்லதாப் போச்சு” என்றேன். “அன்னைக்குத்தான் ஜப்பான்காரங்க வர்றாங்க.”

மே 1, புதன்

சந்தையில் தலையணை உறை நான்கு வாங்கினேன். இருப்பது ஒரே தலையணை. நீலக் கோடு போட்டது, நல்ல துணி.

மே 2, வியாழன்

தாரிணிக்கு ஃபோன் செய்தேன்.

“சொல்லுங்க மாமா, மீட்டிங்ல இருக்கேன்.”

“ஒண்ணுமில்லம்மா. இங்க மழை.”

“சரி மாமா.”

இங்கே வெயில் அடித்தது.

மே 5, ஞாயிறு

கடைசி ஆட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் கைக்கு இது புதுப் பழக்கம். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

மூவரும் காரியம் முடித்து உளியராயர் மலையடிவாரமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பனி கொட்டுகிறது. தங்க இடமில்லை. மலை மேலே குகையில் வெளிச்சம் தெரிகிறது; ஆனால் அது உளியராயர் குகை. அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. அதனால் குனிந்துகொண்டு நடக்கிறார்கள்.

“உளியராயர் மேல இருந்து இதைப் பார்க்கறாரு” என்றாள் தாரிணி. “என்ன பண்றீங்க மாமா?”

“கூப்பிடறேன்.”

“யாரை?”

“அவங்களை. வாங்கன்னு.”

மூன்று சதுரங்களிலும் தலைகள் நிமிர்ந்தன.

“மாமா, ரெண்டாவது சட்டம் இருக்கே. நீங்களே போட்டது.”

“மீறறேன்.”

தாரிணி யோசித்தாள். ஆட்டத்தை நேர்மையாக நடத்துகிற பெண் அவள். “நானூறு வருசமாக் கட்டிக் காப்பாத்தின சட்டம். சும்மா மீற முடியாது. பதினஞ்சு, இல்ல அதுக்கு மேல விழணும். விழலைன்னா அவருக்குக் குரல் வராது. ஒரே ஒரு உருட்டுதான்.”

“அவ்வளவுதானே? மாமா இருபது போடுவாரு” என்றான் சபரி. “உருட்டக்கூட வேண்டாம், சொல்லிடுங்க மாமா!”

பெனிட்டா கை தட்டத் தயாராக இரண்டு கைகளையும் தூக்கி வைத்திருந்தாள்.

உருட்டினேன். இந்த முறை கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. டீ டம்ளரில் முட்டி நின்றது. நன்றாகத் தெரிந்தது.

இருபது என்று சொல்ல அரை விநாடி போதும். சொன்னால் அவர்கள் மூவரும் மலை ஏறி வந்திருப்பார்கள். தீ மூட்டியிருப்போம். நிலாவோடு மல்யுத்தம் செய்த கதையைச் சொல்லியிருப்பேன். ஐந்து மணிக்கு எல்லாரும் ஃபோனை வைத்திருப்பார்கள்.

“மூணு” என்றேன்.

“என்னங்க மாமா?”

“மூணு விழுந்திருக்கு.”

பெனிட்டா கைகளை இறக்கினாள். தாரிணி தன் காகிதங்களைப் புரட்டினாள். அதில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“உளியராயர் வாயைத் திறக்கறாரு” என்றாள் மெதுவாக. “சத்தம் வரல. கீழ போறவங்க திரும்பிப் பார்க்கல. பனியில… அப்படியே போயிடறாங்க.”

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். பத்து நிமிடத்தில் தாரிணி தனியாக ஃபோன் செய்தாள்.

“மாமா, நெசமாவே மூணா?”

“மூணுதான்.”

“அப்ப இத்தனை நாள் இருபது?”

“ஒரு தடவை பதினேழு விழுந்துச்சு.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“மாமா. அந்தக் கரடி வந்ததுன்னு சொன்னீங்களே.”

“கதவுக்குத் தகரம் அடிச்சாச்சும்மா. போஜன் அடிச்சுக் குடுத்தாரு.”

“மூணு மணி நேரம்…”

“ரெண்டே முக்கால். மூணுன்னு கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்.”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். அவள் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். “ஏன் மாமா எனக்குக் கூப்பிட்டுச் சொல்லல?”

“சொன்னேனே.”

“ஆமா” என்றாள். “சொன்னீங்க.”

என்னிடம் அப்போது ஜப்பான்காரனும் இல்லை, சிறுத்தையும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“தாரிணி, பன்னெண்டாம் தேதி இங்க வர்றியாம்மா?”

“வேன் சபரியோடது மாமா. அவங்களுக்கு மறுநாள் காலையில வேலை. நான் கேட்டுத்தான்…”

“சரிம்மா, அன்னைக்கு எனக்கும்…” என்று தொடங்கினேன். நிறுத்திக்கொண்டேன். “எனக்கு அன்னைக்கு ஒண்ணுமில்ல. வீட்டுலதான் இருப்பேன்.”

“பார்க்கறேன் மாமா.”

மே 6, திங்கள்

வீடு பெருக்கினேன்.

மே 8, புதன்

வீடு பெருக்கினேன். ஒட்டடை அடித்தேன். ஒரு சிலந்தி என்னை முறைத்தது.

மே 9, வியாழன்

கடைத்தெருவில் காய்கறிக் கண்காட்சிக் கூட்டம். கேரட்டில் ஒரு டைனோசர் செய்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இருந்தால் இதன் தாத்தாவை எனக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பேன்.

மே 11, சனி

ஃபோன் வரவில்லை. சார்ஜ் நூறு. சிக்னல் நாலு கட்டை. ஃபோன் மேல் குற்றமில்லை.

மே 12, ஞாயிறு

எதிர்காலச் சந்ததியே, குறித்துக்கொள்! கோத்தகிரி உண்டான நாள் முதல் காணாத காட்சி இன்று நடந்தது. ஊட்டியிலிருந்து நாற்பது வேன்கள் என் வீட்டை நோக்கி அணிவகுத்து வந்தன. கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் கேரட் டைனோசரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே ஓடி வந்தது. மூன்று அண்டா பிரியாணி. பந்தி பந்தியாகச் சாப்பாடு. இம்ரான் அம்பு விட்டதில் மேகத்தில் ஓட்டை விழுந்தது. பெனிட்டா மந்திரத்தில் தேயிலைச் செடியெல்லாம் எழுந்து ஆடின. சபரி என் கட்டிய பற்கள் நான்கையும் திருடி, மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு நாள் தங்குகிறோம் என்று நாற்பது வேனும் அடம் பிடித்தன. நான்தான் சட்டத்தைக் காட்டி அனுப்பிவைத்தேன்.

சரி. நாற்பது இல்லை. ஒரு வேன்.

அதுவும் வீடு வரை வரவில்லை. மத்தியானம் ஃபோன் வந்து நான் ஓடிப்போய் நின்ற பஸ் ஸ்டாண்ட் முக்கில் ஒரு நிமிடம் நின்றது. ஜன்னலில் மூன்று கைகள் ஆடின. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், வேன் கிளம்பிவிட்டது.

ஒருத்தி இறங்கியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். தகரத்துக்கு மேலே மரத்தில் இருந்த நகக் கீறல்களில் தன் நான்கு விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு, “பசிக்குது மாமா” என்றாள். ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். ரசத்தில் உப்பு இல்லை. போட்டது போலச் சாப்பிட்டாள். நான் பேசவே இல்லை என்று சொன்னால் என் தங்கை நம்ப மாட்டாள். அவள்தான் பேசினாள்: ஆபீஸ், வாடகை வீடு, ஒரு பையன். பையனைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். “உங்ககிட்ட சொன்னா பயமில்ல மாமா. நீங்க வெளிய சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க” என்றாள்.

நாலே முக்கால் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அடுத்து எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பஸ் வளைவில் திரும்பிய பிறகும் அங்கேயே நின்றேன். டீக்கடைக்காரர் என்னை வெளியூர்க்காரன் என்று நினைத்து, “ஊட்டி பஸ் அந்தப் பக்கம் சார்” என்றார்.

மேலே எழுதிய எதையும் யாரும் நம்ப வேண்டாம். நானே பாதியை நம்பவில்லை. ஆனால் தாரிணி வந்தாள். மூன்று மணி நேரம் இருந்தாள். சரியாகச் சொன்னால் இரண்டு மணி ஐம்பது நிமிடம். அந்தச் சின்னப் பகுதி மட்டும் நடந்தது.